பக்கத்துத் தியேட்டரும் கேசட் கடையும் போனது எதனால்?

கேள்வி:
எல்லோரும் ஓடிடி மேலேயே பழி போடுகிறார்கள். ஆனால் ஒற்றைத் திரை தியேட்டர்கள் அதற்கு முன்பே மூட ஆரம்பித்துவிட்டன இல்லையா? வீடியோ கடைகள் போனதும் அதே காரணத்தால்தானா, வேறு கதையா?

பதில் 1:
வேறு கதைதான். தியேட்டரை முதலில் அடித்தது டிவி, அப்புறம் மல்டிபிளெக்ஸ், கடைசியாக டிஜிட்டல் புரொஜெக்டர். பெட்டி பெட்டியாக ரீலில் வந்த படம் ஹார்ட் டிஸ்கில் வர ஆரம்பித்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த 35 எம்எம் மெஷினைக் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. பத்துத் திரை வைத்திருப்பவர் தாங்குவார், ஒரு திரைக்காரர் இடத்தை விற்றுவிட்டுப் போவார்.

பதில் 2:
வீடியோ கடை கதைக்கு, பிளாக்பஸ்டர் என்ற அமெரிக்க வீடியோ வாடகைக் கடை நிறுவனத்தைப் பாருங்கள். 2004 வாக்கில் சுமார் 9,000 கடைகள், 2010-ல் திவால். நெட்ஃபிளிக்ஸ் ஸ்ட்ரீமிங் தொடங்கியதே 2007-ல்தான். அதற்கு முன் தபாலில் டிவிடி அனுப்பியது, தாமதக் கட்டணம் கிடையாது. பாதிப் பேரை இழுத்தது அதுதான் என்பேன்.

பதில் 3:
காரணம் எதுவோ, கேசட்டில் மட்டும் வந்து டிவிடிக்கே மாறாத படங்கள் இருக்கின்றன, உரிமை யாரிடம் என்ற குழப்பத்தில் எந்தத் தளத்திலும் வராது. நாம் அட்டையைத் திருப்பிப் படிப்பதற்குள் "அது வேண்டாங்க, இதை எடுங்க" என்று கடைக்காரர் நீட்டுவாரே, அந்த வாய்மொழி சிபாரிசும் போச்சு.

கேள்வி கேட்டவர்:
சரி, புரொஜெக்டர் செலவில் விநியோகஸ்தர்கள் பங்கு போடவில்லையா?

பதில் 1:
போட்டார்கள், படத்துக்கு இவ்வளவு என்று. ஆனால் புதுப்படம் அடிக்கடி மாற்றும் இடங்களுக்குத்தான் அது லாபம். பழைய படம் ஓட்டியவர்களுக்கு ஒன்றும் தேறவில்லை.