அரசமரம் பிளந்த சுவர்: வெட்டலாமா, விடலாமா?

மஞ்சளாற்றுக்காரி:

மயிலாடுதுறைக்குக் கிழக்கே எங்கள் பெரியம்மா வீடு. அவர் போய்ப் பதினோரு வருஷம். அதன்பின் யாரும் குடியில்லை. போன வாரம் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். சாவிக்கு வேலையே இருக்கவில்லை. கொல்லைப்பக்கச் சுவர் பிளந்து, ஆள் நுழையும் அளவுக்கு வழி கிடக்கிறது.

பிளந்தது ஓர் அரசமரம். என்றோ காக்கை எச்சத்தில் விழுந்த விதை. என் தொடை கனத்துக்கு வேர், செங்கல் செங்கலாகத் தழுவிக்கொண்டு இரண்டாங்கட்டுத் தரைவரை இறங்கியிருக்கிறது. கூடத்தில் ஓடு சரிந்த இடத்தில் சாயங்கால வெயில் தூணாக விழுகிறது. ஊஞ்சல் பலகை இல்லை, உத்திரத்தில் கொக்கி மட்டும். ரேழியில் வௌவால் நாற்றம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இருட்டும்வரை என்னால் கிளம்ப முடியவில்லை.

அடுப்பங்கரைச் சுவரில் பெரியம்மாவின் பால் கணக்கு அப்படியே இருக்கிறது. கரித்துண்டால் போட்ட கோடுகள், ஐந்தாவது கோடு மற்ற நாலையும் குறுக்கே வெட்டும். கடைசித் தொகுப்பில் மூன்று கோடுதான்.

பங்காளிகள் இடித்து மனையாக விற்கலாம் என்கிறார்கள். தேக்குத் தூணுக்கு விலை பேச ஆள் வந்து போய்விட்டார். என் கேள்வி: மரத்தை வெட்டினால் சுவர் நிற்குமா? அதோடு, வீடு அழியும் கோலமே இவ்வளவு அழகாகத் தெரிகிறதே, இது எனக்கு மட்டும்தானா?

கொத்தனார் மகன், கும்பகோணம்:

அக்கா, முதலில் ஒன்று. வேரைப் பிடுங்க யாரையும் விடாதீர்கள். இப்போது அந்தச் சுவரைப் பிடித்து நிறுத்துவதே வேர்தான். இழுத்தால் சுவரும் கூடவே வந்துவிடும். மரத்தை மேலே வெட்டிவிட்டு, அடிக்கட்டையில் துளை போட்டுப் பெருங்காயம் அடைப்பார் எங்கள் அப்பா. துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ள வேண்டும். வேர் காய்ந்து சுருங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த பொந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டுக் குழைத்த சாந்து. சிமெண்ட் கூடவே கூடாது. பழைய சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும்.

மரம் கடைசியாக வந்த வியாதி. முதல் வியாதி என்ன தெரியுமா? முற்றத்துச் சலதாரை. தினமும் ஓர் ஆள் அதில் சேரும் சருகை அள்ளிக்கொண்டிருந்தவரை மழைத்தண்ணீர் வெளியே போனது. அள்ள ஆளில்லாத முதல் ஐப்பசியிலேயே தண்ணீர் தேங்கித் தூண் அடியில் ஊறியிருக்கும். விறகடுப்புப் புகையும் நின்றுபோனது, கரையான் வந்தது. ஆள் புழங்காத வீடு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னது பேய்க்காக மட்டும் இல்லை. முடிந்தால் கூரையும் சலதாரையும் ஐப்பசிக்குள் பாருங்கள், மற்றது மெல்ல ஆகட்டும்.

பொறையாறு பெரியவர்:

உங்களுக்கு மட்டும் இல்லை அம்மா. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதையை 1986இல் மூடினார்கள். அதில் போய்ப் படித்தவன் நான். பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். வழியில் ஒரு நிலையக் கட்டடத்தில், டிக்கெட் கொடுக்கும் சின்ன ஜன்னலின் கீழ்ப்படி நடுவில் குழிந்திருந்தது. அறுபது வருஷம் காசு வைத்துத் தேய்த்த குழி. விரலை வைத்துப் பார்த்தேன், வழவழப்பு அப்படியே. வெளியே ஒரே கருவை.

தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. சின்ன வயதில் அந்த இடிந்த சுவரில் உட்கார்ந்து அலை பார்ப்போம். அழகுதான். ஆனால் கடல் தின்பதை நாம் தடுக்க முடியாது, சருகு அடைப்பதைத் தடுக்கலாம். தூணுக்கு விலை பேச வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உத்திரம் உட்கார்ந்தால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

மஞ்சளாற்றுக்காரி:

தம்பிக்கும் ஐயாவுக்கும் நன்றி. நேற்று மறுபடி போய் வந்தேன். சலதாரையில் ஒரு மூட்டை சருகு, ஒரு பித்தளை டம்ளர், செத்த ஓணான். கம்பியால் குத்திக் குத்தி அரை நாள். கிணற்றில் இறைத்து ஒரு குடம் ஊற்றினேன். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்புறம் தொண்டை செருமுவது போல ஒரு சத்தம், தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கிற்று. ஓடிப்போய்க் கொல்லையில் பார்த்தேன். வாழைப் பாத்தி இருந்த இடத்தில் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

பங்காளிகளிடம் தைவரை தவணை கேட்டிருக்கிறேன். தம்பி, உங்கள் அப்பா ஒரு தடவை வந்து மரத்தைப் பார்ப்பாரா?