இழந்த ஊரை எழுதினால் ஏன் எல்லா ஊரும் ஒன்றாகிவிடுகிறது?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:
பண்ருட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தாத்தா வைத்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. பிறகு அந்த நிலமும் மனைகளாகிவிட்டது. அதைப் பற்றி ஐந்தாறு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் குயிலும் நிழலும் ஊஞ்சலுமாக, யாருடைய தோப்பாகவும் இருக்கக்கூடிய ஒன்றுதான் வந்து நிற்கிறது. இழந்த இடத்தின் மேலுள்ள ஏக்கம் அந்த இடத்தை அழகாக்கிப் பொய்யாக்கியே தீருமா? நம் இலக்கியத்தில் இதற்கு வேறு வழி உண்டா?

பெண்ணைவாசகன் (புதுச்சேரி):
உண்டு, அந்த வழி உங்களுக்குத் தொலைவிலும் இல்லை. கடலூருக்கு அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணையின் நடுவே, மேற்கே திருக்கோவிலூரில் நிற்கும் பாறையைத்தான் கபிலர் குன்று என்கிறார்கள். பாரி இறந்த பின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டு வெளியேறியவர் அவர். பாரி மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள்’ (புறநானூறு 112) ஐந்தே அடிகள் என்பதால் எல்லோருக்கும் மனப்பாடம். நான் உங்களைப் படிக்கச் சொல்வது 114ஆம் பாடலை. நடந்துகொண்டே திரும்பிப் பார்க்கும் கபிலர், இங்கே நிற்பவர்க்கும் பாரியின் பறம்புக் குன்று தெரிகிறது, இன்னும் சிறிது தொலைவு போய் நிற்பவர்க்கும் தெரியும் என்கிறார். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்வதில்லை. அடுத்து அவர் நினைவுக்கு வருவது பறம்பின் அருவியோ சுனையோ இல்லை. கள் பிழிந்து போட்ட சக்கை, யானை மென்று துப்பிய கவளம் போலச் சிதறிக் கிடந்து, முற்றத்தில் கசிந்து ஒழுகும் காட்சி. தேர்களையே வாரி வழங்கிய ஒருவனின் வாசலில் கிடந்த குப்பையை ஏன் நினைக்க வேண்டும்? அழகை விருந்தாளியும் பார்த்துவிட்டுப் போவான். சக்கை எங்கே கிடக்கும் என்பது அங்கே வாழ்ந்தவனுக்குத்தான் தெரியும். இது என் வாசிப்பு, உரைகாரர்கள் இப்படிச் சொன்னதாக எண்ண வேண்டாம்.

லாஸ்பேட்டை வாசகி:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கரிசல் மண்ணின் இடைசெவல்காரரான எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 2021இல் மறையும் வரை பல ஆண்டுகள் எங்கள் புதுச்சேரியில்தான் வாழ்ந்தார். ஆனாலும் அவர் எழுத்தில் கடற்கரைக் காற்று கரிசல் காற்றை விரட்டவில்லை. ஊரின் சொற்களை அவர் கைவிடாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ‘தோப்பு’, ‘நிழல்’ என்று எழுதினால் எல்லோருடைய தோப்பும்தான் வரும். உங்கள் வீட்டில் அந்த வேலைகளை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று யாரையாவது கேட்டு எழுதி வையுங்கள் ஐயா.

முந்திரிக்காட்டான் (பண்ருட்டி):
கோபித்துக்கொள்ள வேண்டாம். தோப்பு உங்களுடையதாக இருந்ததால் ஊஞ்சல் நினைவுக்கு வருகிறது. கூலிக்குக் கொட்டை உடைத்த என் அம்மாவுக்கு நினைவில் இருப்பது, ஓட்டுப்பால் பட்டுத் தோலுரிந்த விரல்கள். புயலில் அவருக்கும் பிழைப்புப் போயிற்று, ஆனால் அவர் அதை ஏக்கம் என்று சொல்ல மாட்டார். ஊர் என்றாலே தெருவாரியாகப் பிரிந்து கிடந்த நாட்டில், எந்தத் தெருவிலிருந்து திரும்பிப் பார்க்கிறோம் என்பதையும் எழுத்து சொல்லியாக வேண்டும். இந்த நோயை நாஸ்டால்ஜியா என்று 1688இல் பெயரிட்ட யோஹான்னஸ் ஹோஃபர் ஒரு மருத்துவ மாணவர்; வீட்டுக்குத் திரும்பும் தவிப்பை அவர் உடல்நோயாகவே கருதினார். திரும்பினால் குணமாகும் வீடு எல்லோருக்கும் இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

கெடிலக்கரை:
மூவருக்கும் நன்றி. பண்ருட்டி நண்பர் சொன்னதில் கோபிக்க எதுவுமில்லை. எங்கள் தோப்பிலும் கூலிக்கு வந்தவர்கள் இருந்தார்கள், நான் எழுதிய ஐந்தாறிலும் அவர்கள் இல்லை. 114ஐ நேற்றிரவு படித்தேன். பங்குனி சித்திரையில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே எறிந்துவிடுவார்கள். இரண்டு நாளில் அது புளித்து, ஈ மொய்த்து, தோப்பு முழுக்கக் கள் நாற்றம் அடிக்கும்; பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் திட்டிக்கொண்டே நடப்பார். இத்தனை நாள் இது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று தெரியவில்லை. குயிலை எடுத்துவிட்டு, அங்கிருந்து தொடங்கப் போகிறேன்.