புதுப்பிப்பு: கீயிங் கப்பலின் 1848ஆம் ஆண்டு அச்சுப் படங்கள்

சீனப் பாய்க்கப்பல்களின் பழைய படங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். கீயிங் என்ற ஜங்க் வகைச் சீனப் பாய்க்கப்பலின் படங்களை நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தபின் எனக்குத் தெளிந்ததை இங்கே பதிகிறேன்.

1846 டிசம்பரில் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட கீயிங், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 1847 ஜூலையில் நியூயார்க்கையும் 1848 மார்ச்சில் லண்டனையும் அடைந்தது. அங்கே கப்பலைக் கட்டணம் செலுத்திப் பார்க்க வந்த கூட்டத்தை மனத்தில் வைத்து விற்கப்பட்ட படங்களில் பின்தளம் மிகையாக உயர்ந்து, கப்பலின் உடல் பிறைபோல் வளைந்துவிடுகிறது. அந்த வளைவை அளவுக்குச் சான்றாக நான் கொள்ளமாட்டேன்.

நுணுக்கங்களின் கதை வேறு. பாயின் குறுக்கே வரிசையாகக் கட்டிய மூங்கில் கழிகளையும், அவற்றின் நுனிகளிலிருந்து இறங்கி ஒன்றுசேரும் கயிறுகளையும் நல்ல படங்களில் தனித்தனியாகப் பின்தொடர முடிகிறது. காற்று வலுத்தால் பாயைக் கழி கழியாக மடித்து இறக்க உதவும் ஏற்பாடு இது. கயிற்றில் தொங்கும் பெருஞ்சுக்கானையும் ஆழத்துக்கேற்ப ஏற்றி இறக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, 1792இல் பிரிட்டனிலிருந்து புறப்பட்ட மகார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவுடன் சீனா சென்ற ஓவியர் வில்லியம் அலெக்சாண்டரின் நீர்வண்ண ஓவியங்களையே பரிந்துரைப்பேன். படகுகளையும் அவற்றில் வேலை செய்தவர்களையும் அருகிலிருந்து கவனித்த கண் அவருடையது. பழைய அச்சுப் படம் வாங்க விரும்புவோர், விலை பேசுவதற்கு முன் பாய்க்கயிறுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று உருப்பெருக்கியில் பாருங்கள்.