பழவேற்காடு டச்சுக் கல்லறை: கல்லிலுள்ள எழுத்து படத்தில் தெரியவில்லை

கேள்வி: மீஞ்சூர் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று வந்தேன். வாயிலில் செதுக்கப்பட்டுள்ள இரண்டு எலும்புக்கூடுகளும், உள்ளே நிற்கும் தூபி வடிவக் கல்லறைகளும் படத்தில் நன்றாகவே வந்துள்ளன. ஆனால் நான் எடுக்க எண்ணிச் சென்றவை தரையோடு படுத்திருக்கும் பலகைக் கற்கள்தாம். விரலால் தடவினால் எழுத்து ஒவ்வொன்றும் தட்டுப்படுகிறது. படத்திலோ வெளிறிய சாம்பல் நிறப் பலகை ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. காலை பதினொரு மணி முதல் ஒரு மணி வரை நல்ல வெயிலில்தான் எடுத்தேன். இதற்கு வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா? அங்கே வந்திருந்த ஒருவர், சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிட்டு எடுத்தால் எழுத்து பளிச்சென்று தெரியும் என்றார். எனக்குக் கை வரவில்லை. இத்தகைய இடங்களில் படமெடுத்துப் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பழைய கேமராக்காரன்

லென்ஸில் குறையில்லை, நண்பரே. நீங்கள் போன நேரம்தான் தவறு. அந்த எழுத்துகள் கல்லைக் குடைந்து வெட்டப்பட்டவை அல்ல. சுற்றிலுமுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து, எழுத்து மட்டும் மேலெழுந்து நிற்கும்படி செய்த புடைப்பு வேலை அது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒரே நிறம் என்பதால், கண்ணுக்கு அதைக் காட்டிக்கொடுப்பது நிழல் ஒன்றே. உச்சி வெயிலில் அந்த நிழல் எழுத்தின் காலடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திற்குள், அல்லது மாலையில் வெயில் சாய்ந்த பிறகு, கல்லின் மேற்பரப்பை உரசிக்கொண்டு ஒளி வரும்போது எடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒளி எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலேயே ஓடும் கோடுகளுக்கு நிழல் விழாது. இடப்பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால், ரோமன் எழுத்துகளின் நிற்கும் கோடுகள் எடுப்பாகத் தெரியும், படுக்கைக் கோடுகள் மறைந்துபோகும். ஆகவே இ (E) என்பது ஐ (I) போலத் தோன்றி வாசிப்பவரை ஏமாற்றும். மேல் இடது மூலையிலிருந்து சாய்வாக ஒளி விழுந்தால் இரண்டும் கிடைக்கும். கீழ்ப்பக்கத்திலிருந்து ஒளி வந்த படத்தில் புடைத்த எழுத்தெல்லாம் பள்ளம் போலத் தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த வேடிக்கையில் நானே ஒருமுறை அரை நாள் குழம்பியிருக்கிறேன்.

காலையில் போக இயலாவிட்டாலும் வழியுண்டு. உடன் வருபவரிடம் ஒரு வேட்டியையோ கறுப்புக் குடையையோ கொடுத்துக் கல்லின்மேல் நிழல் விழச் செய்துவிட்டு, கேமராவிலிருந்து கழற்றிய ஃபிளாஷைக் கல்லின் ஓரத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து எடுக்கலாம். ஃபிளாஷ் இல்லாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய், வெயிலைத் திருப்பிக் கல்லின்மீது பக்கவாட்டில் பாய்ச்சுவார்கள். இதற்குக் கைப்பேசிக் கேமராவே போதும்.

மறுமொழி 2: வெயில்காலப் பயணி

நான் ஒரு வாளித் தண்ணீரைக் கல்லில் ஊற்றிவிட்டு எடுப்பது வழக்கம். ஈரத்தில் கல் கறுத்து, எழுத்து ஓரளவு தெரியும். தேங்காய் நாரால் லேசாகத் தேய்த்தால் பாசியும் போய்விடும்.

மறுமொழி 3: கல்வெட்டு மாணவி

மேலே எழுதிய நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நார், சாக்பீஸ், மாவு, சோப்பு நுரை எதுவுமே அங்கே கூடாது. தேய்க்கும்போது பாசியோடு கல்லின் துகளும் வரும். தூளோ நுண்துளைகளில் தங்கி அடுத்த மழைக்கும் போகாது. அந்தக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னம். அத்தகைய சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. கையில் பிடித்து எடுக்கும் கேமராவுக்குத் தடையில்லை. முக்காலி வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும். ட்ரோன் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். பறவைகள் சரணாலயமும் ஸ்ரீஹரிகோட்டாவும் அருகிலேயே உள்ளன.

படமெடுத்த பின் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு வழி சொல்கிறேன். அலெக்சாண்டர் ரீ என்பவர் சென்னை மாகாணத்து டச்சுச் சின்னங்களைப் பற்றித் தொல்லியல் துறைக்காக எழுதிய நூல் 1897-இல் வெளிவந்தது. அதில் இக்கல்லறைகளின் வரைபடங்கள் உள்ளன. உங்கள் படத்தை அதன் அருகில் வைத்துப் பார்த்தால், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலான உப்புக்காற்றில் எந்த மூலை தேய்ந்திருக்கிறது என்பது புலப்படும். அந்தக் காரணத்திற்காகவே, அழகான கோணத்தில் எடுத்த படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், கல்லுக்கு நேர் மேலிருந்து நான்கு மூலைகளும் தெரியும்படி ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

மறுமொழி 4: காயல் காற்று

எழுத்து தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி அதை வாசிப்பது பற்றித்தான் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். டச்சுக் கல்லறைகளில் தொடக்கம் பெரும்பாலும் 'ஹீர் லெய்ட் பெக்ராவன்' என்றிருக்கும்; 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்' என்று பொருள். 'ஹௌஸ்ஃப்ரௌ' என்றால் மனைவி, 'கோப்மன்' என்றால் வணிகர். மாதங்களில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அக்காலத்தில் 7 என்ற எண்ணுக்குப் பின் பி, இ, ஆர் (7ber) என்று எழுதினால் அது ஏழாம் மாதமான ஜூலை அல்ல. லத்தீனில் ஏழைக் குறிக்கும் செப்டம் என்ற சொல்லை வைத்து, செப்டம்பர் என்று வாசிக்க வேண்டும். அதேபோல் 8 வந்தால் அக்டோபர்.

இன்னொன்று. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய ஜெல்திரியா கோட்டையில் இன்று பார்க்க அதிகம் எதுவும் எஞ்சவில்லை. மிஞ்சியவற்றுள் சிறந்தவை இந்தக் கற்களே. எழுத்து டச்சாக இருந்தாலும் உளி பிடித்த கை நம் சோழமண்டலக் கரைச் சிற்பிகளுடையது. இவர்களின் வேலைப்பாட்டுக்கு இருந்த மதிப்பில், இக்கரையில் செதுக்கிய கல்லறைக் கற்கள் கப்பலேறிப் படேவியா வரை, அதாவது இன்றைய ஜகார்த்தா வரை, போயிருக்கின்றன. ஆகவே எழுத்தோடு விட்டுவிடாமல், சுற்றியுள்ள இலைக்கொடி வேலையையும் குலச்சின்னங்களையும் நெருக்கமாக எடுங்கள்.

மீஞ்சூர் வாசகன்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நேற்று முதல் பேருந்தைப் பிடித்துப் போய், ஆறரை மணிக்கெல்லாம் அங்கே நின்றேன். சென்ற வாரம் வெறும் பலகையாகத் தெரிந்த கல்லில், வெயில் படப்பட வரி வரியாக எழுத்து எழும்பி வந்தது. 'பெக்ராவன்' என்பதை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஏழே முக்காலுக்கெல்லாம் நிழல் சுருங்கத் தொடங்கிவிட்டது; அதற்குள் நான்கு கற்களைத்தான் முடிக்க முடிந்தது. வாங்க நினைத்த லென்ஸை விட்டுவிட்டு, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியை அடுத்த வாரம் கழற்றிக்கொண்டு போகலாமா என்று வீட்டாரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.