மூன்று நாள் பிடித்த ஆக்ஸில் நட்

ஏடிவியின் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) பின்சக்கர பேரிங்கை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மாலை நேர வேலைதான், ஆனால் ஆக்ஸில் நட் ஒன்றுக்கே மூன்று நாள் போய்விட்டது. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடிய வண்டி.

நட் தானாகக் கழலாமல் தடுக்க அதன் குறுக்கே செருகும் காட்டர் பின்னின் கால்கள் இரண்டும் துருவேறி உதிர்ந்திருந்தன. பின் முழுவதும் போய்விட்டது என்று நினைத்து, சாக்கெட் கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகி முழு பலத்தோடு அழுத்தினேன். அசையவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நட்டின் பள்ளத்துக்குள், துருவோடு துருவாக, பின்னின் நடுத்துண்டு துளையில் அப்படியே இருந்தது. மெல்லிய பஞ்ச் வைத்துத் தட்டியும் வரவில்லை. சின்ன டிரில் பிட்டால் குடைந்துதான் எடுத்தேன்.

அப்புறம் வெளியே தெரிந்த மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை இரண்டு இரவு ஊறவிட்டேன். மூன்றாம் நாள் நட்டை மட்டும் சூடாக்கினேன். நட் விரிய வேண்டும், ஆக்ஸில் விரியக்கூடாது. பக்கத்திலிருந்த ரப்பர் சீல் சூட்டில் கெட்டாலும், அதை எப்படியும் மாற்றப்போகிறேன் என்பதால் துணிந்தேன். ஆறுமுனை சாக்கெட் போட்டு, கழற்றும் பக்கம் திருப்பாமல் முதலில் லேசாக முடுக்கினேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். பிறகு கால் சுற்று கழற்றுவது, கொஞ்சம் திரும்ப முடுக்குவது, மறுபடி எண்ணெய். மரையிலிருந்து காப்பிப்பொடி மாதிரி துரு கொட்டியது. ஆக்ஸில் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: பைப் போட்டு இழுக்கும்போது வண்டி தரையில் நிற்கட்டும். ஜாக்கியின் மேல் வைத்து இழுக்காதீர்கள், சரிந்துவிடும்.

•

உங்களுக்கு ஆக்ஸில் நட் என்றால், நான் சிக்கிக்கொண்டது டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் கியர் பகுதி) கவர் போல்ட்டில். போல்ட் ஸ்டீல், கூடு அலுமினியம். சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் கூட்டைத்தான் சூடாக்கினேன். அதுவும் ஹாட் ஏர் கன்னால். அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, சுத்த அலுமினியமே 660 டிகிரியில் நேராக உருகிவிடும். அப்படியும் ஒரு போல்ட்டின் தலை முறிந்தது. நீட்டிக்கொண்டிருந்த தண்டில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்ததும், அந்தச் சூட்டிலேயே இளகி, கையால் சுற்றும் அளவுக்கு வந்துவிட்டது.

பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு காட்டாதீர்கள். குளோரின் கலந்த வகை என்றால் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

•

சிவப்பு த்ரெட்லாக்கர் (மரை கழலாமலிருக்கத் தடவும் பசை) போட்ட நட் என்றால் எண்ணெயில் எத்தனை நாள் ஊறினாலும் பயனில்லை. சுமார் 250 டிகிரி சூடு ஏறினால்தான் அது இளகும், ஆறுவதற்குள் திருப்பிவிட வேண்டும்.

இன்னொன்று, கியர் ஆயில் மாற்றுபவர்கள், புது ஆயில் ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். எனக்கு அது இறுகிப்போயிருந்தது, ஆனால் அதற்குள் பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட்டிருந்தேன். பிளக் கழலும் வரை வண்டியை நகர்த்த முடியவில்லை.