புதுச்சேரி கடலோரத்தில் டர்போ காரை எட்டு மாதம் நிறுத்தி வைப்பது எப்படி?

கேள்வி: குருசுக்குப்பத்தில் வீடு, கடல் பக்கம்தான். கார் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், டர்போ பெட்ரோல். ஜூன் முதல் ஜனவரி வரை ஊரில் இருக்கமாட்டேன். அப்பா வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

பதில் 1: வேண்டாம் சார். ஐந்து நிமிடத்தில் ஆயில் முழுசா சூடாகாது. எரிபொருள் எரிந்து வரும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். பழைய ஆயிலில் அமிலம் இருக்கும், நிறுத்தும் முன்பே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். இப்போதைய 20% எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, 15 கி.மீ. ஓட்டினால்தான் அது எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் வரை போகும்.

பதில் 2: உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, பிரேக் டிஸ்க் காயும்வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும்; கியரை பி-யில் (பார்க்கிங்) வைத்து சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டயரில் காற்றழுத்தம் வழக்கத்தைவிட 6–8 பிஎஸ்ஐ கூடுதல், பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல். தார்ப்பாய் கூடவே கூடாது, அக்டோபர் மழையில் உள்ளே வியர்த்து பெயின்ட் கெடும். காற்று புகும் துணி உறைதான் சரி.

பதில் 3: பேட்டரிக்கு சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் தானியங்கி மெயின்டெய்னர் மாட்டுங்கள், பேட்டரி ஏஜிஎம் வகை என்றால் மெயின்டெய்னரை அந்த மோடில் வையுங்கள். கரன்ட் வசதி இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்; 12.4 வோல்ட்டுக்குக் கீழேயே நாள்கணக்கில் கிடந்தால் பேட்டரித் தகட்டில் சல்பேட் படிந்து கெடும். எலி வராமல் சைலன்சர் வாயைக் கம்பி வலையால் அடைத்து, ஸ்டியரிங்கில் சீட்டு எழுதிக் கட்டுங்கள். வலையை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்துவிடக்கூடாது.