வெள்ளத்தில் மூழ்கிய காரை மறைத்து விற்றுவிட்டார்கள், பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

மடிப்பாக்கம்_வாசி:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்து ஒரு வழி சொல்லுங்கள்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலை முதல் ஷிஃப்ட். அந்த நேரத்தில் ஆட்டோவையோ கேபையோ நம்ப முடியாமல்தான் போன தை மாதம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். 2019 மாடல், பெட்ரோல், சிங்கிள் ஓனர், 6,40,000 ரூபாய். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவிலேயே எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று கண்ணால் பார்த்தவன் நான். அதனால் சென்னையில் வாங்கவே கூடாது என்று சேலம் வரை போய் ஒரு கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கிற கடையில், வாங்கினேன். நம்பர் டிஎன் 22, மீனம்பாக்கம் ஆர்டிஓ. அதைக் கேட்டபோது "ஓனர் 2022லயே சேலத்துக்கு வந்துட்டார் சார், வண்டி வெள்ளத்தையே பார்த்ததில்ல" என்றார்கள். வாட்ஸ்அப்பிலும் தனியாகக் கேட்டேன், "நான் ஆக்சிடென்ட், நான் ஃப்ளட், கேரன்டி" என்று, அதாவது விபத்திலும் சிக்கவில்லை, வெள்ளத்திலும் மூழ்கவில்லை என்று பதில் வந்தது.

முதல் மாதமே ஏசி போட்டால் ஒரு ஈர வாடை. அப்புறம் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. போன வாரம் கீழ்க்கட்டளை சிக்னல் தாண்டியதும் வண்டி அப்படியே நின்றுவிட்டது, அப்பாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் ரோட்டில் நின்றேன். டோ செய்து கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். கார்பெட்டைத் தூக்கினால் அடியில் காய்ந்த சேறு. சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தால் 2023 டிசம்பரில் இதே வண்டி சென்னையில் வேறொரு கிளைக்கு டோ ஆகி வந்திருக்கிறது, டேஷ்போர்டு மட்டம் வரை தண்ணீர் என்று ஜாப் கார்டில் எழுதியிருக்கிறது. எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள், ஆனால் வேலை செய்ததாக ஒன்றும் இல்லை.

விற்றவரைக் கூப்பிட்டால் "பார்த்து, ஓட்டித்தானே எடுத்தீங்க, டெலிவரி நோட்ல கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்கிறார். 'வாகனத்தை உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்' என்று அதில் ஒரு வரி இருப்பது உண்மைதான். இப்போது வயரிங், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) மாற்ற 1,85,000 ஆகும் என்கிறார்கள். வேலையை முடித்துக்கொண்டு பிறகு சண்டை போடலாமா? அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டதால் என் உரிமை எல்லாம் போய்விட்டதா?

பல்லாவரம்_ஒர்க்‌ஷாப்:
தம்பி, முதல் வேலையாக சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். வயரிங் மாற்றிவிட்டால் பழைய வயரிங் குப்பைக்குப் போய்விடும், அதோடு உங்கள் சாட்சியும் போய்விடும். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இப்படித்தான் ஆத்திரத்தில் வேலையை முடித்துவிட்டு அப்புறம் காட்ட ஒன்றும் இல்லாமல் நின்றார்கள்.

2015லும் பார்த்தேன், 2023லும் பார்த்தேன், தண்ணீர் பட்ட வண்டி உடனே படுக்காது. உள்ளே போன சேற்றுத் தண்ணீர் கனெக்டர் பின்களில் தங்கி, மாதக்கணக்கில் மெதுவாக அரித்து, பச்சையாகப் பூக்கும். அதுவரை வண்டி நன்றாகவே ஓடும், டெஸ்ட் டிரைவில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அதனால் உங்கள் மேல் தப்பு இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடு துணியில் தெரியும். முன்சீட்டு தண்டவாளத்து போல்ட்டுகள், ஸ்டெப்னி வைக்கிற குழி, டேஷ்போர்டுக்கு அடியில் பெயின்ட் அடிக்காத இரும்பு, இதையெல்லாம் வெளிச்சத்தில் போட்டோ, வீடியோ எடுங்கள். வீடியோவில் நம்பர் பிளேட்டும் சேசிஸ் நம்பரும் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும்.

எஸ்டிமேட் போட்டு வேலை செய்யவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. ரிப்பேர் செலவு இன்ஷூரன்ஸில் போட்ட மதிப்பில், அதாவது ஐடிவியில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று ஓனருக்குப் பணத்தைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அந்த வண்டி ஏலத்தில் சல்லிசாகப் போகும். எடுக்கிறவர் கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி வெளியூரில் விற்பார். உங்கள் வண்டியும் அப்படி வந்ததாகத்தான் தெரிகிறது. பழைய பாலிசி காப்பி கையில் இருந்தால் அந்த நம்பரைக் குறிப்பிட்டு அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு கிளெய்ம் விவரம் கேட்டு மெயில் போடுங்கள்.

ஓஎம்ஆர்_டிரைவர்:
கேஸ், கோர்ட்டு என்று அலைய உங்களுக்கு நேரம் ஏது நண்பரே, அப்பாவை வேறு பார்க்க வேண்டும். சின்னதாக வேலை பார்த்து ஆன்லைனில் போட்டுத் தள்ளிவிடுங்கள். ஐந்து லட்சத்துக்குக் கேள்வி கேட்காமல் எடுப்பார்கள்.

எழும்பூர்_வக்கீல்:
மேலே சொன்ன யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள் சார். இன்று உங்களுக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டு மறைத்து விற்றால் சேலத்துக்காரர் நிற்கிற இடத்தில் நாளைக்கு நீங்கள் நிற்பீர்கள், சட்டத்தின் முன்னாலும் சரி, அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிப்போகிற குடும்பத்தின் முன்னாலும் சரி. ஏர்பேக் வேலை செய்யாத வண்டி அது.

நான் நுகர்வோர் வழக்குகள் பார்க்கிறவள். 'உள்ளது உள்ளபடி' என்ற வரியைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம். டயர் தேய்ந்திருக்கிறது, பம்பரில் கீறல் இருக்கிறது, இப்படி பார்த்தால் தெரிகிற குறைக்குத்தான் அது பொருந்தும். பொய் சொல்லி மறைத்த குறைக்கு அது கவசம் ஆகாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 17 படி, தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பதும் பொய்யென்று தெரிந்தே சொல்வதும் மோசடி. எதிர்த்தரப்பு பிரிவு 19இல் உள்ள விதிவிலக்கைக் கொண்டுவந்து, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் இவருக்கே தெரிந்திருக்கும் என்று வாதாடும். ஆனால் வாய் திறக்காமல் இருந்ததும், கேட்டபோது பொய் சொன்னதும் ஒன்றல்ல. நீங்கள் கேட்டீர்கள், அவர் எழுத்தில் 'நான் ஃப்ளட்' என்றார். உங்கள் வழக்கின் உயிர் அந்த வாட்ஸ்அப் வரிதான், அதனால் அந்த போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். பாரதிய சாக்ஷ்ய சட்டம், அதாவது புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 63 படி ஒரு சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பழைய பொருளுக்கும் பொருந்தும். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது பிரிவு 2(47) படி நியாயமற்ற வணிக நடைமுறை. இதற்காக நீங்கள் சேலத்துக்கு அலைய வேண்டாம். 1986 சட்டத்தில் விற்றவர் இருக்கும் இடத்தையோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்தையோதான் பார்த்தார்கள். இப்போது நீங்கள் குடியிருக்கிற, வேலை பார்க்கிற ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான், உங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம், பிரிவு 69, அதைத் தவறவிடாதீர்கள்.

முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையையும், டோ செலவையும், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றச் செலவையும் 15 நாளில் கொடு என்று கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு. "நாங்கள் வெறும் புரோக்கர்" என்று அவர் பதில் போட்டால், 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரம் வாங்க வேண்டும், முறைப்படி அவர்கள் கைக்கு வந்த வண்டிக்கு அவர்களே உரிமையாளர்களாகக் கருதப்படுவார்கள் என்ற விதியைக் காட்டுங்கள். அங்கீகாரமே இல்லாமல் விற்றிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

குரோம்பேட்டை_அக்கா:
வக்கீல் மேடம், ஒரு சந்தேகம். என் தம்பி டீலரிடம் இல்லாமல், ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவரிடம் வாங்கினான், அதிலும் பின்பக்கம் முழுக்க அடிபட்டு பட்டி போட்ட கதை இப்போதுதான் வெளியே வருகிறது. அவனும் இதே மாதிரி போடலாமா?

எழும்பூர்_வக்கீல்:
அக்கா, அது கஷ்டம். வண்டி விற்பதைத் தொழிலாகச் செய்யாத தனி ஆள் மீது நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது. ஒப்பந்தச் சட்டப்படி சிவில் கோர்ட்டில்தான் போக வேண்டும், மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம். கூட வேலை பார்க்கிறவர் என்பதால் முதலில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், ஆனால் பேசினதை ஒரு மெயிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாறு_பெரியவர்:
நான் ஒரு ஃபிரிட்ஜுக்காக ஆணையத்தில் இரண்டரை வருடம் நடந்தவன், அதனால் சொல்கிறேன். சட்டத்தில் மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று போட்டிருக்கிறது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வாய்தா வரும். ஆனால் கடைசியில் பணம் வந்தது, விடாமல் போனதால்தான் வந்தது. நோட்டீஸுக்கு முன்பே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். சில கடைக்காரர்கள் அந்த ஒரு அழைப்புக்கே இறங்கி வருவார்கள். உரிமம் பெற்ற இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒருவரிடம் காசு கொடுத்து வண்டியைப் பார்க்கச் சொல்லி அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, சர்வீஸ் சென்டர்காரர் வாயால் சொல்வதை ஆணையத்தில் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

மடிப்பாக்கம்_வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பல்லாவரம் அண்ணா சொன்ன மாதிரி சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், தோள் உயரத்துக்கு மேல் பழுப்பாக ஒரு கோடு, பார்த்ததும் வயிறு கலங்கியது. இத்தனை நாள் அதைத்தான் அப்பாவுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன்.

கிளவ் பாக்ஸில் ஆர்சி கவருக்குள் பழைய பாலிசி காப்பி இருந்தது. அதில் இருந்த நம்பரில் முதல் ஓனரைப் பிடித்தேன். மனிதர் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறார், சேலத்துக்குப் போனதே இல்லை என்கிறார். டோட்டல் லாஸ் ஆகி 2024 ஜனவரியில் பணம் வாங்கியிருக்கிறார், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டாராம். செட்டில்மென்ட் கடிதத்தை நேற்று ராத்திரி மெயிலில் அனுப்பிவிட்டார், ஆணையத்தில் வந்து சொல்லவும் தயார் என்கிறார்.

1915இல் பதிந்தாயிற்று. கன்சல்டிங்காரர் நேற்று தானாகக் கூப்பிட்டு "ஐம்பதாயிரம் தர்றேன், முடிச்சுக்கலாம்" என்றார். முழுத் தொகை, வண்டியை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டேன். நோட்டீஸ் இன்று காலை தபாலில் போனது. அப்பாவை இப்போதைக்குப் பக்கத்து வீட்டு மாமா தன் வண்டியில் கூட்டிப்போகிறார். சர்வேயர் வெள்ளிக்கிழமை வருகிறார், அறிக்கை கைக்கு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.